யோசனையும் வருத்தமும்: உறங்கும் வைரஸ் விழிப்பது ஏன்?

"யோசிச்சு யோசிச்சே வருத்தத்தைத் தேடிக்கொண்டாள்" என்று எங்கள் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மருத்துவம் படித்த காலத்தில் இதைக் கேட்டு நாம் சிரித்ததுண்டு. கிருமி தொற்றினால் வருத்தம் வரும், யோசனைக்கும் கிருமிக்கும் என்ன தொடர்பு என்பதே அன்றைய எமது எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வைத்த சில ஆய்வுகளை இந்த இதழில் பார்ப்போம். அதற்கு முன் எமது சொந்தக் கதை ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன், மறதி நோய் வந்த எமது தாயாரை வீட்டில் வைத்துப் பராமரித்தோம். பகலில் நோயாளர்கள், இரவில் அம்மா. இரவு இரண்டு மணிக்கு எழும்பி, ஊரில் விட்டுவந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று கதவைத் தட்டுவார். அந்த நாட்களில் ஒருநாள் எமது இடப்பக்க விலாவில் ஓர் எரிவு. அம்மாவைத் தூக்கியதால் வந்த சுளுக்கு என்று விட்டுவிட்டோம். பிறகு கொப்புளங்கள் வந்தன. அப்போதும் நேரமில்லை என்று தள்ளிப்போட்டு, ஐந்தாம் நாள்தான் இன்னொரு வைத்தியரிடம் காட்டினோம். வந்திருந்தது அக்கி. எமது நோயாளி ஒருவர் இப்படிப் பிந்தி வந்திருந்தால் கடிந்திருப்போம். கொப்புளம் காய்ந்த பின்னும் அந்த நோவு மூன்று மாதம் எம்மோடு இருந்தது.

உடலுக்குள் உறங்கும் வைரஸ்கள்

தடிமனைத் தரும் வைரஸ் வரும், போகும். ஆனால் ஹேர்பீஸ் குடும்பத்து வைரஸ்கள் அப்படியல்ல. ஒருமுறை உடலுக்குள் வந்தால் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். சிறுவயதில் கொப்புளிப்பானைத் தந்த வைரஸ், வருத்தம் மாறிய பின் முதுகெலும்பருகே உள்ள நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்தால் அதுவே அக்கி. உதட்டோரம் திரும்பத் திரும்ப வரும் சிறு கொப்புளமும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வைரஸின் வேலைதான். 1964இல் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸும் இக்குடும்பமே. வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதைச் சுமக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது தெரியவே தெரியாது.

இவற்றை உறக்கத்தில் வைத்திருக்கும் காவலாளி எமது நோயெதிர்ப்புச் சக்தி. காவலாளி களைத்தால் என்ன நடக்கும் என்பதே அடுத்த கேள்வி.

பரீட்சைக் காலத்து இரத்தம்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் கிளேசர் என்ற வைரஸ் ஆய்வாளர் இருந்தார். எப்ஸ்டீன்-பார் வைரஸில் தேர்ந்தவர். அவருடைய மனைவி ஜனிஸ் கீகொல்ட்-கிளேசர் உளவியலாளர். 1980களில் இருவரும் தத்தம் துறைகளை ஒன்றுசேர்த்து, மருத்துவ மாணவர்களின் இரத்தத்தைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள்.

1985இல் வெளிவந்த ஆய்வில் 49 மாணவர்களிடம் மூன்று தடவை இரத்தம் எடுத்தார்கள்: பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு, பரீட்சை தொடங்கிய நாள், கோடை விடுமுறை முடிந்து திரும்பிய பின். பரீட்சைக் காலத்தில் ஹேர்பீஸ் குடும்ப வைரஸ்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உயர்ந்திருந்தன. விடுமுறைக்குப் பின் குறைந்திருந்தன. தனிமையை அதிகம் உணர்ந்த மாணவர்களுக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான அளவு மேலும் கூடுதலாக இருந்தது.

பிறபொருளெதிரி கூடினால் நல்லதுதானே என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கே அப்படியல்ல. வைரஸ் உறங்கும்போது உடல் அதற்கெதிராகப் பெரிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. அது அசைந்து தன் புரதங்களை வெளிவிடத் தொடங்கும்போதே பிறபொருளெதிரிகள் உயர்கின்றன. நாய் விடாமல் குரைத்தால் வேலியருகே யாரோ நிற்கிறார்கள் என்று பொருள் கொள்வது போல.

1992இல் இதே குழுவினர் 48 மருத்துவ மாணவர்களுக்குப் பரீட்சை நாட்களில் ஹெப்பரைற்றிஸ் பி தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். முதல் ஊசிக்கே பிறபொருளெதிரி உண்டானவர்கள் நான்கில் ஒரு பங்கினர். மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தவர்களே அவர்கள்.

பராமரிப்பவர்களின் காயம்

பரீட்சை முடிந்துவிடும். முடியாத பாரம் சுமப்பவர்களின் நிலை என்ன? 1995இல், மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்த 13 பெண்களையும், வயதிலும் வருமானத்திலும் அவர்களை ஒத்த வேறு 13 பெண்களையும் கிளேசர் தம்பதியினரின் குழு ஒப்பிட்டது. எல்லோருடைய கையிலும் 3.5 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரே அளவான சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. மற்றப் பெண்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறிய காயம், பராமரிப்பவர்களுக்கு ஆற ஏறத்தாழ 49 நாட்கள் எடுத்தது.

அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி பற்றியது. மறதி நோயுற்ற கணவனையோ மனைவியையோ பராமரித்த 32 பேரில் 12 பேருக்கு மட்டுமே ஊசி எதிர்பார்த்தபடி வேலை செய்தது. பாரமில்லாத 32 பேரில் அது 21 பேருக்கு வேலை செய்தது. இதை வாசித்தபோது அந்த இரவுகளும் அம்மா தட்டிய கதவும் எமது நினைவுக்கு வந்தன. கிளேசர் 2019இல் காலமானார். ஆனால் அவருடைய ஆய்வுகள் சொன்ன செய்தி இன்று எங்கள் வீடுகளுக்கு அன்றைவிடக் கூடுதலாகப் பொருந்துகிறது.

இங்கிலாந்தின் தடிமன் நிலையம்

எங்களுக்கு அருகிலேயே, சோல்ஸ்பரி நகரில், தடிமனை ஆராய்வதற்கென்றே 1946 முதல் ஒரு நிலையம் இருந்தது. அங்கே தொண்டர்களின் மூக்கில் வைரஸ் துளிகளை விட்டு, மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்து அவதானிப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அந்த நிலையத்தினரும் சேர்ந்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், வைரஸ் கொடுக்கப்பட்ட 394 பேரின் மன அழுத்தம் முன்கூட்டியே அளக்கப்பட்டிருந்தது. அழுத்தம் மிகக் குறைந்தவர்களில் 27 வீதமானோருக்கும், மிகக் கூடியவர்களில் 47 வீதமானோருக்கும் தடிமன் பிடித்தது.

1998இல் கோஹன் இன்னொன்றையும் காட்டினார். ஒரு மாதத்துக்குக் குறைவான சங்கடங்கள் அவ்வளவு பாதிக்கவில்லை. ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்தவையே பாதித்தன. முக்கியமாக வேலையின்மையும், நெருங்கியவர்களோடு உள்ள பிணக்கும். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும், 2009இன் முதல் மாதங்களில் தொலைபேசியருகே உறங்காமல் இருந்தவர்களும் இந்த வேறுபாட்டை நன்கு அறிவார்கள்.

உடலில் நடப்பது என்ன?

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும், கபச்சுரப்பி வழியாகச் செய்தி போய், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. சிறிது நேரத்துக்கு இது நன்மையே. ஓடவும் தப்பவும் பலம் தருகிறது. மாதக்கணக்கில் தொடர்ந்தால், வைரஸ் புகுந்த கலங்களை அழிக்கும் வெண்குருதிக் கலங்கள் சோர்கின்றன. அதோடு, கோட்டிசோலின் சொல்லை உடல் கேளாமல் போவதால் அழற்சியும் அடங்காமல் நீடிக்கிறது.

தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம்

யோசனை வைரஸை உண்டாக்குவதில்லை. மேலே சொன்ன ஆய்வுகளில் சில மிகச் சிறியவை. அக்கியைப் பொறுத்தவரை வயதே பெரிய காரணம். மன அழுத்தத்தின் பங்கு பற்றி ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆகவே "நீ யோசித்தபடியால்தான் வந்தது" என்று நோயாளியைக் குற்றம் சொல்வது தவறு. "எல்லாம் யோசனைதான்" என்று காய்ச்சலையும் மெலிவையும் நெஞ்சு நோவையும் வைத்தியரிடம் காட்டாமல் விடுவது அதைவிடத் தவறு.

நாம் செய்யக்கூடியவை

1. உடலின் ஒரு பக்கத்தில் எரிவும் கொப்புளமும் வந்தால் அன்றே குடும்ப வைத்தியரை நாடுங்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்தை, கொப்புளம் தொடங்கி 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்குவது நல்லது. கண்ணருகே வந்தால் அது அவசரம்.

2. அக்கித் தடுப்பூசி உங்களுக்கு உரியதா என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 2023 செப்டெம்பர் முதல், 65 வயதை அடைவோருக்கும் 70 முதல் 79 வயது வரையானோருக்கும் இரண்டு ஊசிகள் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன.

3. அம்மாவையோ மாமாவையோ வீட்டில் பராமரிப்பவரா? அதை உங்கள் ஜீ.பி.யிடம் பதிந்துகொள்ளுங்கள். முதியவர் ஒருவரின் முக்கிய பராமரிப்பாளருக்கு ஃபுளூ ஊசி இலவசம். இங்கிலாந்தில், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் தேவைகளையும் மதிப்பிடும்படி உள்ளூராட்சி மன்றத்திடம் கேட்கலாம். இது பிச்சையல்ல, உரிமை.

4. உறக்கத்தைக் குறைக்காதீர்கள். 2015இல் 164 பேரிடம் செய்த ஆய்வில், ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாக உறங்கியவர்களுக்கு, ஏழுக்கு மேல் உறங்கியவர்களைவிடத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு இருந்தது.

5. ஆட்களோடு பழகுங்கள். உறவு, அயல், வேலை, கோவில், சங்கம் என்று பலவகைத் தொடர்புள்ளவர்களுக்குத் தடிமன் குறைவாகவே பிடித்ததாக 1997இல் கோஹன் காட்டினார்.

நிறைவாக ஒன்று. எங்கள் வீடுகளில் பராமரிப்பு பெரும்பாலும் ஒரே ஒருவரின் தலையில் விழுகிறது. அது மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். "அவள் சமாளிப்பாள்" என்று மற்றவர்கள் இருந்துவிடுகிறோம். எமக்கு அக்கி வந்த பின்னர்தான் எமது சகோதரர்கள் இரவுகளைப் பங்குபோட வந்தார்கள். நாம் கேட்டிருந்தால் முன்பே வந்திருப்பார்கள், நாம் கேட்கவில்லை. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரம் ஓர் இரவு அவரை உறங்க விடுங்கள். வருத்தம் வந்த பின் நாம் எழுதித் தரும் மருந்தைவிட அது மேலானது.