மென்தாலின் குளிர்ச்சி

அக்கினி நட்சத்திர வெயிலில் தாம்பரம் ரயிலடியில் இறங்கி, பெட்டிக்கடையில் புதினா மிட்டாய் வாங்கி வாயிலிட்டுக்கொள்ளும் அன்பர்களிற் பலர், அது சரீரத்தின் உஷ்ணத்தைத் தணிப்பதாகத் திடமாக நம்புகிறார்கள். வேறு சிலரோ, அம்மிட்டாய்க்குச் சுவையூட்டும் மென்தால் ரசாயன சாஸ்திரத்தில் ஆல்கஹால் வகுப்பைச் சேர்ந்தது என்று கேள்விப்பட்டு, அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே அஞ்சுகிறார்கள்.

பின்னவர்களின் அச்சத்துக்குக் காரணமில்லை. ஆல்கஹால் என்பது கிளிசரினையும் உள்ளடக்கிய பெருங்குடும்பம். மதுபானத்தில் போதை தருவது அக்குடும்பத்தின் எத்தில் ஆல்கஹாலேயன்றி மென்தால் அன்று.

நாம் துவையலரைக்கும் புதினாவிலிருந்தே மென்தால் கிடைக்கிறது என்ற அபிப்பிராயமும் பிழையே. அந்தக் கீரையின் வாசனைக்குப் பிரதான காரணம் கார்வோன் என்னும் வேறொரு வஸ்து. உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி முதலிய ஜில்லாக்களில் பயிராகும் ஜப்பானியப் புதினாவை நீராவியில் வடித்து, அந்த எண்ணெயைக் குளிரச் செய்தால் மென்தால் படிகமாகப் பிரிகிறது. ஓமத்துக்கு மணம் தரும் தைமாலோடு ஹைட்ரஜனைச் சேர்த்தும் ஆலைகளில் அதை உண்டாக்குகிறார்கள். ஜப்பானிய விஞ்ஞானி நொயோரி வகுத்த முறையிலும் அது பெருமளவில் தயாராகிறது. அவருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனிக் குளிர்ச்சிக்கு வருவோம். நம் நரம்புகளில் குளிரை உணர்வதற்கென்றே அமைந்த ஒரு புரதத்தை 2002-ல் இரு ஆராய்ச்சிக் குழுக்கள், மென்தாலையே கருவியாகக் கொண்டு கண்டறிந்தன. அவற்றின் தலைவர்களான டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படாபூடியனும் 2021-ல் நோபல் பரிசு பெற்றார்கள். குளிர் இல்லாதபோதும் அப்புரதத்தை மென்தால் தூண்டிவிடுவதால், மூளைக்குக் குளிர் என்ற செய்தி போகிறது. மிட்டாய் தின்றவரின் உஷ்ணத்தை வெப்பமானி வைத்துப் பார்த்தால் அது சிறிதும் இறங்கியிராது. கோடையில் உடலைக் காப்பவை நீரும் மோரும் நிழலுமே.

மூக்கடைப்புக்குத் தைலம் முகர்வதிலும் நிகழ்வது இதுவே: காற்று தாராளமாகச் செல்வதுபோன்ற உணர்வு எழுகிறதேயன்றி, அடைப்பு நீங்குவதில்லை. இந்த இதத்தை யாரும் வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் இதத்தையே சிகிச்சையென்று எண்ணி, வாரக்கணக்கில் இருமுகிறவரும் மூச்சுத் திணறுகிறவரும் தைலத்தோடு காலங்கழிப்பது என் மனத்தை வருத்துகிறது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோகிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம், இன்று அரசாங்க நெஞ்சக நோய் மருத்துவமனையாக நம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே செல்லுங்கள். இரண்டு வயது நிறையாத சிசுக்களின் மூக்கருகே மட்டும் மென்தால் தைலத்தைத் தடவாதீர்கள், தாய்மார்களே. அவர்களுக்கு மூச்சு திடீரென்று தடைப்பட்டுப்போகும் அபாயம் உண்டு.