கோனூர் கிளிகள்: நிறத்தை நம்பலாமா?

கோனூர் என்பது ஒரே ஒரு கிளியின் பெயர் அல்ல. தென், மத்திய அமெரிக்கக் காடுகளையும் சவன்னாக்களையும் சேர்ந்த, வால் நீண்ட பல கிளி இனங்களுக்கும் வழங்கும் பொதுப்பெயர். நம் ஊர்க் கடைகளில் வாங்குபவர் பார்ப்பது நிறத்தை. விற்பவர் பேர் சொல்வதும் நிறத்தை வைத்துத்தான். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன.

நம்பிக்கை: பச்சை மிகுந்திருந்தால் அது சன் கோனூர் இல்லை, ஜென்டே கோனூர்.

முழுதாக வளர்ந்த பறவைகளுக்கு இது சரி. சன் கோனூரின் முதுகும் இறக்கையின் மேற்பகுதியும் மஞ்சள். பறக்கும் இறகுகளில்தான் பச்சையும் நீலமும் வரும். ஜென்டேக்குத் தலையும் கழுத்தும் மஞ்சள், வயிறு செம்மஞ்சள், இறக்கைகள் பச்சை. ஆனால் சன் கோனூர் குஞ்சுக்கு முதலில் முளைப்பவை பெரும்பாலும் பச்சை இறகுகளே. முழு மஞ்சள் ஏற ஒன்றரை முதல் 2 ஆண்டுகள் பிடிக்கும். இந்த இடைவெளியில், ‘வளர வளர மஞ்சளாகிவிடும்’ என்று சொல்லி ஜென்டேயைச் சன் கோனூராக விற்க இடமிருக்கிறது. இரண்டையும் இணை சேர்த்துப் பெற்ற கலப்பினமும் உண்டு. அதன் நிறம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயும் நிற்கலாம். குஞ்சை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. தாய், தந்தைப் பறவைகளைக் காட்டச் சொல்லுங்கள்.

கலப்பினம் அழகாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். கயானாவிலும் வட பிரேசிலிலும் வாழும் காட்டுச் சன் கோனூர், கூண்டு வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்டே அருகிப்போய், அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் வளர்ப்புப் பறவைகளின் வம்சத்தையும் குழப்புவது பொறுப்பற்ற செயல்.

நம்பிக்கை: பைனாப்பிள், சின்னமன், டர்க்கைஸ் எல்லாம் தனித்தனி இனங்கள்.

இல்லை. மூன்றும் கிரீன் சீக் கோனூர்தான். வளர்ப்பில் நிலைப்படுத்தப்பட்ட மரபணு மாற்றங்கள், அதாவது வளர்ப்பவர்கள் சொல்லும் ‘மியூட்டேஷன்’கள். சின்னமனும், யெல்லோ சைடு என்ற இன்னொரு மியூட்டேஷனும் ஒரே பறவையில் சேர்ந்தால் பைனாப்பிள். விலை மாறும், இனம் மாறாது. பேர் புதிது என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இறகின் நிறத்துக்கு மட்டுமே.

கிரீன் சீக்கோடு உண்மையிலேயே குழம்பக்கூடிய தனி இனம் மரூன் பெல்லி கோனூர். வாலை மேலிருந்து பாருங்கள். கிரீன் சீக்குக்கு வால் பெரும்பாலும் கருஞ்சிவப்பு. மரூன் பெல்லிக்கு மேற்புறம் பச்சை, நுனிப் பக்கம்தான் சிவக்கும்.

நம்பிக்கை: கோனூர் என்றாலே கத்தித் தீர்க்கும்.

எந்தக் கோனூர் என்று கேட்க வேண்டும். 100 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள சன் கோனூரின் குரல் பக்கத்து வீட்டுச் சுவரையும் தாண்டும். ஜென்டேயும், கருந்தலை கொண்ட நான்டேயும் அப்படியே. கிரீன் சீக் 60 முதல் 80 கிராம்தான். அதுவும் கத்தும், ஆனால் அந்த உரப்பு இல்லை. அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு நிறத்தைவிட இந்த வேறுபாடுதான் முக்கியம். சத்தம் தாங்காமல் பாதியில் கைவிடப்படும் பறவைதான் அதிகம் துன்பப்படுகிறது. வாங்குமுன் நினைவில் வையுங்கள்: சன் கோனூருக்கு ஆயுள் 20 ஆண்டுகளுக்கும் மேல். சன் கோனூரையும் கிரீன் சீக்கையும் பிரிக்க நெஞ்சைப் பார்த்தால் போதும்: இயல்பான நிறமுள்ள கிரீன் சீக்குக்கு மீன் செதில் போல் வரிவரியாக இருக்கும், சன் கோனூருக்கு அது கிடையாது.

நம்பிக்கை: நிறம் பளிச்சென்று இருந்தால் ஆண்.

இந்தக் கிளிகளில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றே. இறகையோ துளி இரத்தத்தையோ அனுப்பி டிஎன்ஏ பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

கடைசியாக, கோல்டன் கோனூர். பிரேசிலுக்கே உரிய இதைப் பெரிய சன் கோனூர் என்று நினைப்பவர்கள் அலகைக் கவனிக்க வேண்டும். சன் கோனூருக்குக் கறுப்பு அலகு. இதற்கு வெளிறிய, பருத்த அலகு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில், கோல்டன் கோனூர் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. இங்கே சொன்ன மற்ற கோனூர்கள் இரண்டாம் பட்டியலில் உள்ளன. இந்தியாவின் 2022 வனவுயிர்ப் பாதுகாப்புத் திருத்தச் சட்டமும் 2024 விதிகளும் இவற்றை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. அந்தப் பதிவில் இனத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டும். ஆகவே இனம் உறுதியாகத் தெரியாத குஞ்சை வாங்காதீர்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் கடையிலும் வாங்காதீர்கள்.