ஃபோர்க்லிஃப்டா, பூம் லிஃப்டா: எந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டுவது?

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் இன்றைக்குப் பெரிய மேடை போட்டால் சவுக்குக் கம்பும் கயிறும் மட்டும் போதாது. அலுமினிய ட்ரஸ், எல்.இ.டி. திரை, ஆளுயர ஸ்பீக்கர் என்று லாரியில் வந்து இறங்குகிறது. தூக்கி நிறுத்த ஹைட்ரா கிரேன் வருகிறது. பந்தல் வேலையிலும் மைக்செட்டிலும் வளர்ந்த பையன்கள் கேட்கிறார்கள்: “மிஷின் ஓட்டக் கத்துக்கிட்டா கூலி கூடும்ணே, எந்த சர்டிபிகேட் எடுக்கிறது?”

எந்த மிஷின், அந்தத் தாளை யார் கேட்டு வாங்கிப் பார்க்கப் போகிறார் என்று இரண்டையும் தெரிந்துகொண்டுதான் இதற்குப் பதில் சொல்ல முடியும். கார் லைசென்ஸ் மாதிரி நாடு முழுக்கச் செல்லும் ஒரே ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் இந்தியாவில் கிடையாது. மைதானத்துக்கோ கிடங்குக்கோ உள்ளே ஓட்டும்வரை, பயிற்சி பெற்ற ஆளைத்தான் உட்கார வைத்தோம் என்று காட்ட வேண்டியவர் வேலை கொடுப்பவர். வண்டி பொதுச்சாலையில் ஏறினால் கதை வேறு. மோட்டார் வாகன விதிகளில் ‘கட்டுமானக் கருவி வாகனம்’ என்ற வகையில் ஃபோர்க்லிஃப்ட் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது; பதிவும் வேண்டும், ஓட்டுநர் உரிமமும் வேண்டும்.

கடலூர்ப் பையன் ஒருவன் முதலில் எடுக்க வேண்டியது ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழ் என்பேன். அதைத் திறன் கவுன்சில் வழியாக எடுப்பது நல்லது. சென்னையில் தலைமையகம் உள்ள லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சிலும், கட்டுமான இயந்திரங்களுக்கான கவுன்சிலும் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு வைத்துச் சான்று தருகின்றன. அரசுத் திட்டத்தில் நடக்கும் வகுப்பு கிடைத்தால் கட்டணமே இருக்காது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பிறகு பர்ஸைத் திறக்கலாம். நான் இதை முன்னால் வைப்பது வயிற்றுப்பாட்டை நினைத்துத்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் மைதானம் சேறு. மார்கழியில் கல்யாணப் பந்தல் இல்லை. அந்த மாதங்களில் சிப்காட் ஆலைகளிலும் கிடங்குகளிலும் வேலை கேட்க இந்தத் தாள் உதவும். பூம் லிஃப்ட் அட்டைக்கு உள்ளூரில் அந்த மதிப்பு இல்லை.

ஆனால் உங்கள் கை விளக்கிலும் ரிக்கிங்கிலும்தான் ஓடுகிறது, சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையம் மாதிரி இடங்களுக்கோ வெளிநாட்டுக்கோ போகும் எண்ணம் உண்டு என்றால், ஐ.பி.ஏ.எஃப். அட்டைதான் சரி. ஆளை ஏற்றும் லிஃப்டுகளுக்காக 1983-இல் பிரிட்டனில் தொடங்கிய அமைப்பு அது. இந்தியாவிலும் பயிற்சி மையங்கள் உண்டு. பயிற்சி ஓரிரு நாளில் முடியும், அட்டை 5 ஆண்டு செல்லும். பணம் கட்டும் முன் வகையைப் பாருங்கள். நேராக மேலே போய்வரும் சிசர் லிஃப்ட் 3ஏ, கை நீட்டும் பூம் லிஃப்ட் 3பி. ஒன்றுக்கு வாங்கிய அட்டை மற்றதற்குச் செல்லாது. மேடைக்கு மேலே எட்டிப் பிடித்து விளக்கு மாட்டுபவருக்கு 3பி இல்லாமல் ஆகாது. பூம் கூடையில் ஏறினால் ஹார்னஸ் மாட்டி, குட்டைக் கயிறால் கூடைக்குள் உள்ள கொக்கியில் கோத்துக்கொள்ள வேண்டும். சாரத்தில் பழகிய நம் ஆட்கள் இதில்தான் முகம் சுளிப்பார்கள்.

மூன்றாவது வழி, மிஷினை விற்பவரோ வாடகைக்கு விடுபவரோ தரும் பயிற்சி. தாளாக இதற்கு வெளியே மதிப்பு குறைவு. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. எந்த லிவர் எதற்கு, மேலே மாட்டிக்கொண்டால் கீழே இருப்பவர் எப்படி இறக்குவது என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். அட்டை வைத்திருப்பவரும் புது மாடல் வந்தால் இதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

கைப்பேசியில் வீடியோ பார்த்து வாங்கும் தாள்களைத் தொடவே வேண்டாம். அமெரிக்க விதியே, ஆளை மிஷினில் உட்கார வைத்துப் பார்த்துத்தான் வேலை கொடுப்பவர் சான்று தர வேண்டும், குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்கிறது. துபாயில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட அங்கேயே தேர்வு எழுதி உரிமம் எடுக்க வேண்டும். ‘வளைகுடா லைசென்ஸ் இங்கேயே வாங்கித் தருகிறேன்’ என்று ஏஜென்ட் சொன்னால் அவர் விற்பது வெறும் தாள்.

நம் ஊர்ச் சிக்கல் தரைதான். கடலோர மணல், மழைக்குப் பிந்திய களி, பள்ளமேடு. கிடங்கு ஃபோர்க்லிஃப்டை அதில் இறக்கினால் சக்கரம் புதையும். இரும்புத் தகடு பரப்ப வேண்டும், இல்லையென்றால் பெரிய சக்கர டெலிஹேண்ட்லர் வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி. அடுத்தது பாரக் கணக்கு. 3 டன் என்று தகட்டில் எழுதியிருப்பது, பாரத்தின் மையம் முட்கரண்டியின் அடியிலிருந்து அரை மீட்டரில் இருந்தால்தான். 3 மீட்டர் ட்ரஸ்ஸை நீளவாக்கில் ஏந்தினால் மையம் ஒன்றரை மீட்டருக்குப் போய்விடும். அப்போது 3 டன் என்பது வெறும் எழுத்து. பிறகு காற்று. வெளியில் பயன்படுத்தும் பெரும்பாலான லிஃப்டுகளுக்கு வரம்பு வினாடிக்கு 12.5 மீட்டர், மணிக்கு 45 கிலோமீட்டர். கட்டடத்துக்குள் மட்டும் என்று குறித்த சிசர் லிஃப்டை சில்வர் பீச்சில் நிறுத்தவே கூடாது. கூடையில் பேனர் கட்டினால் அது பாய்மரம்.

இதெல்லாம் ஏட்டுப் பயம் இல்லை. 2020 பிப்ரவரி 19-இல் சென்னை அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து 3 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் அரக்கோணம் அருகே கீழ்வீதி கோயில் திருவிழாவில் ஆட்களைத் தாங்கிய கிரேன் கவிழ்ந்து 4 பேர் போனார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் சப்பரம் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 உயிர். பொருளைத் தூக்கும் ஹைட்ராவில் ஆளை ஏற்றுவது நம் ஊரில் சகஜமாக நடக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் தாளோ பூம் அட்டையோ அதற்கு அனுமதி ஆகாது. ஹைட்ராவை ஓட்டுவதற்குக்கூட ஆகாது.

ஆகவே பயிற்சி மையத்தில் கட்டணம் எவ்வளவு என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியவை: ஒரு ஆளுக்கு மிஷினில் எத்தனை மணி நேரம், ஒரு மிஷினுக்கு எத்தனை பேர், சமதளத்தில் மட்டுமா, மண் தரையிலும் ஓட்ட விடுவீர்களா, மின்கம்பிக்குக் கீழே நிற்பது பற்றிச் சொல்லித் தருவீர்களா? சான்றிதழில் மிஷின் வகையும் காலாவதித் தேதியும் இருக்கிறதா, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அவர் பெயர் வருகிறதா என்று பழைய மாணவர் ஒருவரின் தாளை வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறி வேறு மையம் பார்ப்பது மலிவு.