ஸ்டீயரிங் இறுகினால்: பம்பை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

நூலும் துணியும் காய்கறியும் ஏற்றிச் செல்லப் பழைய கார் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் நம்மிடையே உண்டு. பவர் ஸ்டீயரிங் இறுகிவிட்டால், "பம்பையே மாற்ற வேண்டும்" என்ற முடிவுக்கு உடனே வந்துவிடுகிறோம். பம்பு விலையுயர்ந்த உறுப்பு. குற்றமோ பம்பில் இல்லாமல், குறைந்துபோன எண்ணெயிலோ, தளர்ந்த பெல்ட்டிலோ, வெடித்த ரப்பர்க் குழாயிலோ இருக்கக் கூடும். ஆகவே, எளியதை முதலிலும் கடினமானதைக் கடைசியிலும் பார்க்கும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம். வீட்டில் செய்யத் தக்கது எது, தகாதது எது என்ற எல்லையையும் அறிந்துகொள்வோம். ஸ்டீயரிங் என்பது உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதை மறக்கலாகாது.

அமைப்பு

பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926-ஆம் ஆண்டில் இச்சாதனத்தை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1951-இல் கிரைஸ்லர் கம்பெனி அதைத் தன் இம்பீரியல் காரில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடிப்படைத் தத்துவம் இன்றும் அதுவே. எஞ்சின் ஒரு பெல்ட்டின் மூலம் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை மிகுந்த அழுத்தத்துடன் ஸ்டீயரிங் பெட்டிக்குத் தள்ளுகிறது. நாம் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ, அந்தப் பக்கம் தள்ளுமாறு ஒரு வால்வு எண்ணெயைத் திருப்பிவிடுகிறது. வேலை முடிந்த எண்ணெய் வேறொரு குழாய் வழியே டப்பாவுக்குத் திரும்புகிறது.

இந்த உதவி நின்றுபோனாலும், கைச்சக்கரத்துக்கும் முன் சக்கரங்களுக்கும் இடையிலுள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. வண்டி திரும்பும், ஆனால் கைபலம் மிக அதிகம் வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் எண்ணெய்க்குப் பதில் மின்சார மோட்டாரே உதவி செய்கிறது. அவற்றுக்கு இப்பாடம் பொருந்தாது.

சோதிக்கும் வரிசை

முதலாவது, டயர். முன் டயர்களில் காற்றுக் குறைந்தாலும் ஸ்டீயரிங் கனக்கும். செலவில்லாத இச்சோதனையை முதலில் செய்க.

இரண்டாவது, எண்ணெய். கிணற்றில் நீர் இறங்கிவிட்டால் பம்பு காற்றை உறிஞ்சி இரைவதை விவசாயிகள் அறிவர். இங்கும் அதுவே நிகழ்கிறது. எண்ணெய் குறைந்தால் காற்றுப் புகும், பம்பு முனகும், டப்பாவில் நுரை காணும். டப்பாவிலுள்ள குறி வரை எண்ணெய் நிற்க வேண்டும். எந்த எண்ணெய் என்பதை மூடியிலோ வண்டியின் கைப்புத்தகத்திலோ பார்த்து, அதையே ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அது ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, பெல்ட். விசைத்தறியில் பெல்ட் தளர்ந்தால் மோட்டார் சுழன்றும் தறி தயங்குவதை நெசவாளர்கள் கண்டிருப்பர். ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பும்போது கிறீச்சென்று ஒலித்தால், பெல்ட் வழுக்குகிறது என்று கொள்ளலாம். எஞ்சினை நிறுத்திய பிறகு பெல்ட்டில் வெடிப்பு, பளபளப்பு, எண்ணெய்க் கறை உண்டா என்று பார்க்கவும்.

நான்காவது, கசிவு. எண்ணெய் தானாகக் குறைவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். குழாய்களைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டிய பின் எங்கே ஈரம் காண்கிறது என்று நோக்குக. திரும்பு குழாயின் கிளிப் தளர்ந்திருந்தால் முறுக்கலாம். குழாய் வெடித்திருந்தால் எண்ணெய்க்கென்றே செய்த குழாயை மாற்றலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பம்பிலிருந்து செல்லும் அழுத்தக் குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேலும் அழுத்தம் எழக் கூடும். டயரில் இருப்பதோ ஏறக்குறைய 30 பவுண்டுதான். எஞ்சின் ஓடும்போது அக்குழாயைக் கையால் தடவக் கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறியதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காற்றை வெளியேற்றுதல்

எண்ணெய் ஊற்றிய பின்னும் குழாய் மாற்றிய பின்னும் உள்ளே புகுந்த காற்றை நீக்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவும். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் அமர்த்தவும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் தலை நீட்டலாகாது.

எஞ்சினைக் கிளப்பாமல், சாவியால் ஸ்டீயரிங் பூட்டை மட்டும் விடுவிக்கவும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை 20 தடவை மெல்லத் திருப்பவும். மற்றொருவர் டப்பாவைக் கவனித்து, குறையக் குறைய எண்ணெய் ஊற்றி வரட்டும். குமிழி நின்றதும் எஞ்சினைக் கிளப்பி, மெதுவான ஓட்டத்தில் இன்னும் சில தடவை திருப்பவும். எந்தக் கோடியிலும் 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. எண்ணெய் சூடேறிப் பம்பு கெடும். பிறகு எஞ்சினை நிறுத்தி எண்ணெய் அளவை மீண்டும் பார்த்து, வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே சாலைக்குச் செல்ல வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயை வயலிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. டப்பாவில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

நமது எல்லை

ஒரு பக்கம் மட்டும் இறுகுதல், ஸ்டீயரிங் பெட்டியிலேயே கசிவு, கைச்சக்கரத்தில் ஆட்டம், திருப்பும்போது 'டக்' என்ற ஓசை ஆகியவை தோன்றினால் வண்டியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட வேண்டும். பெட்டியைப் பிரிப்பதும், டை ராடு மூட்டுகளை மாற்றுவதும் வீட்டு வேலையல்ல. மேற்சொன்ன நான்கும் சரியாக இருந்து, இரு பக்கமும் இறுக்கம் நீடித்தால், அப்போது பம்பைச் சந்தேகிக்கலாம். அதையும் பட்டறையில் அழுத்தமானி வைத்து அளந்து பார்க்கச் சொல்லி, பிறகே பணம் செலவிட வேண்டும்.

சோதித்து அறிந்தவனை வீண் செலவு அணுகாது. தன் எல்லையை அறிந்தவனை விபத்தும் எளிதில் அணுகாது.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. டப்பாவில் நுரை காண்பதற்குக் காரணம் யாது?
2. பிரேக் ஆயிலை ஏன் ஊற்றக் கூடாது?
3. அழுத்தக் குழாயைக் கையால் தடவுவதில் உள்ள ஆபத்து என்ன?
4. எந்த அறிகுறிகள் தோன்றினால் வண்டியை மெக்கானிக்கிடம் விட வேண்டும்?