வெட்டவெளியில் பேட்டி: மைக் விஷயத்தில் கவனம்

செய்தி சேனலிலோ யூடியூப் சேனலிலோ சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் கண் கேமரா மேல்தான். படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியவில்லையென்றால் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவார்.

எந்த மைக் வாங்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. பேசுபவரின் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் அதை வைக்க முடியும் என்பதே முதல் கேள்வி. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். சுற்றியுள்ள வண்டிச் சத்தமோ அப்படியே இருக்கும். அதனால்தான் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும் சுமாரான மைக், ஒன்றரை மீட்டர் தள்ளி கேமரா தலையில் உட்கார்ந்திருக்கும் விலை உயர்ந்த மைக்கைச் சுலபமாகத் தோற்கடிக்கிறது.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம். கூவல், படகு இன்ஜின், ஐஸ் உடைக்கும் சத்தம். அங்கே ஒருவரிடம் பைட், அதாவது ஓரிரு வாக்கியக் கருத்து, வாங்க வேண்டுமென்றால் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்குக்கு நிகரில்லை. எலெக்ட்ரோ வாய்ஸ் ஆர்இ50 போன்றவை நிருபர்களுக்கென்றே வந்தவை. எல்லாப் பக்கமும் ஒலி வாங்கும், கை உரசலையும் காற்றையும் ஓரளவு தாங்கும். வாய்க்குச் சற்றுக் கீழே, நாலு விரற்கடை தூரத்தில் பிடியுங்கள். கேள்வி கேட்கும்போது உங்கள் பக்கம், பதிலுக்கு அவர் பக்கம். மைக்கை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். திரும்ப வாங்குவது பெரும்பாடு!

உட்கார்ந்து பேசும் பேட்டிக்கு காலர் மைக் போதும். மோவாய்க்கு ஒரு சாண் கீழே, அவர் எந்தப் பக்கம் திரும்பிப் பேசப்போகிறாரோ அந்தப் பக்கமாகக் குத்துங்கள். கஞ்சி போட்ட காட்டன் சேலை என்றால் ஒவ்வொரு அசைவும் சரசரவென்று பதிவாகும். கழுத்துச் சங்கிலி மைக்கில் இடித்தால் இன்னும் மோசம். சேலை கட்டியவரையே முந்தானையைச் சரிசெய்து மைக்கைக் குத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு வாக்கியம் பேசவைத்துக் கேளுங்கள். வயர்லெஸ் செட் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. மனித உடம்பே அந்த அலையை மறைக்கும். கூட்டத்தில் ஆளுக்கொரு போன் வேறு அதே அலைவரிசையில் குறுக்கிடும். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வசதி இருந்தால் எப்போதும் ஆன் செய்து வையுங்கள்.

நீளக் குழாய் போன்ற கன் மைக் தூரத்துக் குரலை இழுத்துவரும் என்பது கட்டுக்கதை. பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை; லாரி, ஜெனரேட்டர் போன்றவற்றின் அடித்தொனியிடம் அதுவும் பலிக்காது. பூம் கம்பில் கட்டி, தலைக்கு மேலிருந்து நெஞ்சைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்தால் மைக்கின் பார்வையில் தரைதான் இருக்கும், பின்னாலுள்ள சாலை இருக்காது.

இனி காற்று. மெரினாவில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிட்டால் மைக்கோடு வரும் பஞ்சு உறை ஒன்றுக்கும் உதவாது. மயிர் அடர்ந்த, ‘டெட் கேட்’ என்று கடையில் கேட்டால் கிடைக்கும் உறைதான் வேண்டும். காலர் மைக்குக்கும் சின்ன அளவில் உண்டு. பேசுபவரைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் அவர் உடம்பே தடுப்பாகும். அடித்தொனியை வெட்டும் லோ கட்டை 80 ஹெர்ட்ஸில் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் பொரபொரவென்று காற்று அடித்த பதிவை எடிட்டிங்கில் முழுசாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செட்டிங் விஷயம் சுருக்கமானது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்; சத்தமான இடங்கள் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர் மூச்சு விடும் இடைவெளியில் தெருச் சத்தம் மேலே ஏறும். மைக் வயரின் முனையைப் பாருங்கள்: கேமராவுக்கான பின்னில் இரண்டு வளையம், போனுக்கானதில் மூன்று. மாற்றிச் செருகினால் ஒன்றுமே பதிவாகாமல் போகலாம். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்துச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், வெட்டி ஒட்டும் எடிட்டர் உங்களை வாழ்த்துவார்.

கையில் காசு குறைவென்றால் முதலில் கை மைக்கும், பதிவாவதைக் கேட்டுப் பார்க்கக் காதை மூடும் ஹெட்போனும் வாங்குங்கள். அடுத்தது காலர் மைக், உறையோடு சேர்த்து. கன் மைக் கடைசியில் வரட்டும், அதுவும் பூம் பிடிக்க ஆள் இருந்தால்.