திலகவதியார் காத்திருந்த காலம்



சென்ற பாடத்தில் திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றை நிறைவு செய்து, அடுத்ததாகத் திருவைந்தெழுத்தின் பொருளைப் படிப்போம் என்று சொல்லியிருந்தோம். அதனை ஒரு மாதம் தள்ளிவைத்து, நாயனாருடைய சூலை நோய்க்கே மீண்டும் வருகின்றோம். அதற்குக் காரணம் உண்டு.

சத்வாவிலே நமது குடும்பங்கள் கூடிப் படிக்கின்ற வகுப்பில், நாயனார் சூலை நீங்கப் பெற்ற வரலாற்றைச் சொல்லி முடித்தபோது ஓர் அக்கா ஒரு கேள்வி கேட்டார். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் விமானங்கள் நின்றிருந்த மாதங்களில் தமது கணவரை இங்கே இழந்தவர் அவர். ஊரிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. ஜபல் அலி மயானத்தில் நடந்த கிரியையை உறவினர் கைத்தொலைபேசித் திரையிலேதான் பார்த்தார்கள். "அப்பருக்கு நோயைக் குடுத்த கடவுள் அதை மாத்தியும் விட்டார். எங்கட ஆளுக்கு ஏன் மாத்தேல்லை? அவர் நல்லவரெண்டால் ஏன் இப்பிடி?" என்று அவர் கேட்டார். வகுப்பிலிருந்து உடனே விடை வந்தது: "எல்லாம் வினைப்பயன்தான், அக்கா." அவர் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நான்கு வகுப்புகளுக்கும் வரவில்லை. அவ்விடையைச் சொன்னவர் வேறு யாருமல்லர். இதனை எழுதுகின்ற நாமே.

விடை பிழையா என்று கேட்டால், நூலின்படி பிழையன்று. உயிர்கள் முற்பிறவிகளில் ஈட்டிய வினைத்தொகுதி சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். கணக்கு எழுதிப் பிழைக்கின்ற நமக்கு இது எளிதில் விளங்கும். பேரேட்டில் முன்னிருந்து கொண்டுவந்த நிலுவை ஒன்று, இந்த வருடம் தீர்க்கவேண்டிய தொகை ஒன்று, நாளாந்தம் விழுகின்ற புதுப் பதிவு ஒன்று. எளிதில் விளங்கியதுதான் எமது வில்லங்கம். ஒருவருடைய புத்தகத்தைத் திறந்து பார்க்காமலே அதன் நிலுவையைச் சொல்லுகின்ற கணக்காளரை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்திருக்கமாட்டார். இன்னொருவருடைய வினைப் புத்தகத்தையோ இறைவனைத் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. "என் வினை" என்று தன்னை நோக்கி ஒருவர் சொல்லும்போது அது பணிவு. "உன் வினை" என்று பிறரை நோக்கிச் சொல்லும்போது அதே சொல் தீர்ப்பாகி விடுகின்றது.

ஆகவே சேக்கிழார் சுவாமிகள் இவ்விடத்தை எப்படிக் கையாளுகின்றார் என்று பெரியபுராணத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். முன்னர் நாம் அப்பரையே பார்த்துக்கொண்டு வந்தபடியால், பக்கத்திலே நிற்கின்ற தமக்கையாரைச் சரியாகக் கவனிக்கவில்லை. துன்பத்தின் கதை அப்பருடைய வயிற்றில் தொடங்கவில்லை. அது திருவாமூரிலே, திலகவதியாரிடத்தில் தொடங்குகின்றது.

புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகப் பிறந்தவர் திலகவதியார். பன்னிரண்டு வயதளவில் அவரை அரசனுடைய சேனாபதியாகிய கலிப்பகையாருக்கு மணம் பேசி ஒப்புக்கொண்டார்கள். மணம் நடக்குமுன் கலிப்பகையார் வடபுலத்துப் பகைவர்மேல் போருக்குப் போனார். அவர் போயிருந்த காலத்தில் தந்தையார் நோயுற்று இறந்தார். கணவரைப் பிரிந்திருக்க மாட்டாமல் தாயாரும் உயிர் நீத்தார். அந்தத் துயரம் ஆறுமுன் போர்க்களத்திலிருந்து செய்தி வந்தது, கலிப்பகையாரும் இறந்தார் என்று. "பெற்றோர் என்னை அவருக்கென்று நிச்சயித்தார்கள், என் உயிரும் அவருக்குரியது" என்று திலகவதியார் உயிர் விடத் துணிந்தார். அப்பொழுது தம்பி மருணீக்கியார் அவர் காலில் விழுந்து அழுதார். தாய் தந்தையர் போனபின் தாம் உயிரோடிருப்பது தமக்கையார் இருக்கின்றார் என்பதனாலேயே, அவரும் போவாராயின் தாம் முந்திப் போவதாகச் சொன்னார். தம்பி வாழவேண்டும் என்பதற்காகத் திலகவதியார் தம் உயிரைத் தாங்கிக்கொண்டார்.

போரிலே மணமகனை இழந்த பெண்; தாயும் தந்தையும் இல்லை; கையிலே ஒரு தம்பி. இப்படிப்பட்ட வீடுகளை நம்மில் பலர் சொந்த ஊரிலே பார்த்திருக்கின்றோம். சிலர் அந்த வீட்டிலேயே வளர்ந்திருக்கின்றோம்.

இதன்பின் நடந்தது அதைவிடக் கடினமானது. யாருக்காக உயிர் தரித்தாரோ அந்தத் தம்பி, நிலையாமையை நினைந்து அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் வைத்து, பின்னர் மெய்ப்பொருளைத் தேடிப் பாடலிபுத்திரம் சென்று சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு அங்கே தலைமை பெற்று விட்டார். பாடலிபுத்திரம் என்பது வடநாட்டு நகரமன்று. இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூர். திலகவதியார் திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து, விடியுமுன் எழுந்து திருவலகு பிடித்துக் கூட்டி, சாணத்தால் திருமெழுக்கிட்டு, பூப்பறித்து மாலை கட்டிக்கொடுத்து வாழ்ந்தார். நாளும் ஒரே விண்ணப்பம்: தம்பியைத் திருப்பித் தரவேண்டும். எத்தனை வருடம் என்று கணக்கில்லை. ஒரு நாள் முடிந்ததும் அடுத்த நாள் கூட்டுவதற்கு மறுபடியும் குப்பை இருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் வீரட்டானத்துப் பெருமான் கனவில் தோன்றி, கவலையை விடு, உன் தம்பி முன்னமே நம்மை அடையத் தவம் செய்தவன், அவனைச் சூலை நோயினால் ஆட்கொள்வோம் என்னும் கருத்துப்பட அருளிச்செய்தார். இங்கே அன்பர்கள் சற்று நிற்கவேண்டும். முற்பிறவிக் கணக்கு இவ்விடத்தில் உண்மையாகவே பேசப்படுகின்றது. ஆனால் அதிலே முதலாவதாக எழுதியிருப்பது பாவமன்று, தவம். அத்தவத்தில் சிறியதொரு வழு நேர்ந்ததையும் சேக்கிழார் மறைக்கவில்லை. எனினும் நோய்க்குக் காரணம் கேட்டால், பழைய கடனைக் கறப்பதற்கு வந்தது என்று அவர் சொல்லவில்லை. தம்மைத் தேடியவனை விட்டுவிட மனமில்லாமல் வந்தது என்று சொல்லுகின்றார். நாம் அக்காவுக்குச் சொன்ன விடையில் இந்தப் பக்கம் முழுவதும் விடுபட்டுப் போயிற்று.

இன்னொன்றையும் கவனிக்கலாம். கனவினாலே முழுக் காரணத்தையும் அறிந்திருந்தவர் இவ்வுலகில் திலகவதியார் ஒருவரே. தம்பி வலி தாங்காமல், இரவிலே, வெண்ணிற ஆடை உடுத்து, வந்து காலடியில் விழுந்தபோது, "நீ சமயம் மாறினாய், அதனால் வந்தது" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தூக்கி எடுத்தார், இது இறைவன் திருவருள் என்றார், ஐந்தெழுத்தோதித் திருநீறு கொடுத்தார், விடியுமுன் திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு தாம் போகின்ற கோயிலுக்குள்ளே தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். காரணம் தெரிந்தவர் கையைப் பிடித்தார். காரணம் தெரியாத நாம் விளக்கம் கொடுத்தோம்.

கோயிலுக்குள்ளே அப்பர் பாடிய முதற் பதிகத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது நாம் அதனை நோய் தீர்க்கும் பதிகம் என்று மட்டும் சொல்லி விடுகின்றோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் முறையீடு. அறிந்து தாம் செய்த கொடுமை எதுவென்று தமக்குத் தெரியவில்லை என்கின்றார். குடலை முறுக்குகின்ற வலியைத் தாங்க முடியவில்லை என்று மீண்டும் மீண்டும் சொல்லுகின்றார். உம்மை நம்பி வந்தவரின் துன்பத்தை நீக்காமல் இருப்பது உமக்குத் தகுமா என்னும் பாவனையிலும் பேசுகின்றார். இப்பாட்டைக் கேட்டு இறைவன் கோபிக்கவில்லை. நோயை நீக்கி, நாவுக்கரசு என்று பெயரும் கொடுத்தான். இதனால் நாம் அறிவது, "அவர் நல்லவரெண்டால் ஏன்?" என்ற அக்காவின் கேள்வி நம்பிக்கை இல்லாதவரின் கேள்வியன்று. நல்லவர் என்று நம்பியிருந்தவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். நம்பாதவருக்கு அதிலே வியப்பதற்கு என்ன இருக்கின்றது?

சித்தாந்த நூல்கள் இறைவனின் கருணையை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் பிரிக்கின்றன. சிவஞான சித்தியாரிலே அருணந்தி சிவாசாரியார், பெற்றோர் சொற்கேளாத பிள்ளையை வெருட்டி வளாரினால் அடிப்பதும் அன்பே என்று உவமை காட்டுகின்றார். அழகிய உவமை, எனினும் அளவாகப் பயன்படுத்தவேண்டிய உவமை. பெற்ற தாய் அடித்தபின் பிள்ளையைத் தூக்குவதற்கும் அவளே இருக்கின்றாள். அயல்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, "நல்லாய் அடியுங்கோ, அது அன்புதான்" என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அன்று நாம் நின்றது அந்த மதிலுக்குப் பக்கத்தில்.

ஆனால் அக்காவின் கேள்வியில் பாதி இன்னும் மிஞ்சியிருக்கின்றது. அப்பருக்கு நோய் மாறியது. தம் கணவருக்கு மாறவில்லை. இதற்கும் சேக்கிழாரையே கேட்கின்றோம். கலிப்பகையார் திரும்பி வந்தாரா? வரவில்லை. புகழனாரும் மாதினியாரும்? வரவில்லை. இறந்த பிள்ளையை எழுப்பிய அற்புதத்தை இதே நூலில் அப்பூதியடிகள் வரலாற்றில் பாடுகின்ற சேக்கிழார், திலகவதியாருக்கு அப்படி ஒன்றும் நடந்ததாகப் பாடவில்லை. இழந்தவை இழந்தவையாகவே இருந்தன. அவருக்குத் திரும்பக் கிடைத்தது தம்பி ஒருவரே, அதுவும் நெடுங்காலத்தின் பின். இறைவன் நல்லவன் என்று அவர் கொண்டிருந்த துணிவு, கேட்டதெல்லாம் கிடைத்ததனால் வந்ததன்று.

அதுபோலத் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அப்பரும் சம்பந்தரும் இருவருமே அங்கே இருந்தார்கள். அன்றைக்கே மழை பெய்திருக்கலாம். பெய்யவில்லை. நாளுக்கு ஒரு காசு வீதம் இருவருக்கும் படிக்காசு கிடைத்தது. அதைக்கொண்டு பண்டம் வாங்கி, அடுப்பு மூட்டி, அடியார்களுக்குச் சோறு போட்டார்கள். அப்பரின் காசு முழு விலைக்குப் போயிற்று. சம்பந்தரின் காசுக்கோ கடையில் வாசி, அதாவது வட்டம், கழித்தார்கள். அதனால் அவர் மடத்திலே சோறு பிந்தியது. அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர், அதனால் வாசியில்லாத காசு என்பது காரணம். சம்பந்தர் வாசி தீரும்படி பாடி நற்காசு பெற்றார். சம்பளம் எடுத்த நாளில் சத்வா பஸ் நிலையத்துக்கு அருகே பணமாற்று நிலையத்தில் வரிசையில் நின்று, இன்றைக்கு என்ன விலை, கழிவு எவ்வளவு என்று கேட்கின்ற நமக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். நாம் சொல்ல வந்தது வேறு. பஞ்ச காலத்தில் திருவருள் வந்தது ஒரு நாளைக்கு ஒரு காசாக; சமைப்பதற்கு ஆள் வேண்டிய காசாக.

1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எமக்குப் பதினைந்து வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிக்கு அடி நகர்ந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் வந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா, ஒரு போத்தல் தண்ணீரின் மூடியிலே அளந்து அளந்து சுற்றியிருந்த பிள்ளைகளுக்கு ஊற்றினார். ஒருவருக்கு ஒரு மூடி. அவர் எங்களுக்கு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ஏன் அப்படி நடந்தது என்பதற்கு இன்றுவரை எம்மிடம் விடையில்லை. அந்த மூடித் தண்ணீரை மறக்கவுமில்லை. 2008இல் சத்வாவின் பழைய வீடுகளுக்கு இடிப்பதற்கான அடையாளம் போட்டபோது, ஒரு வீட்டைப் பலராகப் பகிர்ந்திருந்த பெடியள் பெட்டியோடு வெளியே நின்றார்கள். அப்போதும் நம்மவர் சிலர் தங்கள் அறையில் இன்னுமொரு பாய் விரித்தார்கள்.

காத்திருப்பதைப் பற்றிப் பேசும்போது நாவலர் பெருமானையும் ஒரு வார்த்தை நினைக்கவேண்டும். போர்த்துக்கேயரால் அழிந்துபோன திருக்கேதீச்சரத்தை மீண்டும் எழுப்பவேண்டும் என்று அவர் 1872இல் வேண்டுகோள் விடுத்தார். 1879இல் சிவபதம் அடைந்தார். கோயில் இருந்த இடம் அடையாளம் காணப்பட்டதே 1894இல். அதன்பின் எழுந்த கோயிலை விட்டும் 1990இல் போரினால் சனம் வெளியேற நேர்ந்தது. 2022 ஜூலையில் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. நாவலர் இவற்றில் எதனையும் காணவில்லை.

அக்காவின் வீட்டுக்குச் சென்ற கிழமை நாமும் வீட்டுக்காரியும் போனோம். அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டோம். திலகவதியார் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவவும் ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு இருந்தவ, என்ன?" என்றார். பிறகு தேநீர் ஊற்றினார். வகுப்புக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அப்பரின் முதற் பதிகத்தைப் பத்துப் பாட்டும் கொல்லிப் பண்ணில் நிதானமாகப் பாடுவோம், விளக்கவுரை இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வருமுன் வீட்டில் அவர்களிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அப்பர் நோயோடு வந்த இரவில் திலகவதியாரின் இடத்தில் நீ இருந்தால் முதலில் என்ன செய்வாய்? அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் நல்லது. அக்காவின் தேவாரப் புத்தகம் வகுப்பு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றது. அதனை யாரும் இடம் மாற்றவேண்டாம்.