அவெயிட்டிங் ஃபார்: ஒரு 'ஃபார்' அதிகம்

கேள்வி: பட்டாசு ஆலைகளிலிருந்து வெளிமாநில வியாபாரிகளுக்குப் போகும் கடிதங்களில் 'வி ஆர் அவெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை' என்று எழுதுவது வழக்கமாக இருக்கிறது. இது சரியா? காத்திருப்பதைச் சொல்லும் ஆங்கில வினைகளோடு எந்த முன்னிடைச்சொல் வரும்? 'மஸ்ட்', 'ஷுட்', 'கேன்' போன்ற துணைவினைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகர், வெம்பக்கோட்டை

பதில்: 'அவெயிட்' என்ற வினைக்குப் பின் 'ஃபார்' வராது. 'வெயிட்' என்ற வினையோ பொதுவாக 'ஃபார்' இல்லாமல் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைச் சொல்லாது. 'வி ஆர் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை' சரி. 'வி அவெயிட் யுவர் ரிப்ளை' என்பதும் சரி. இரண்டையும் கலந்து எழுதுவதுதான் பிழை. 'பதிலுக்காக' என்று தமிழில் நினைத்த கை, 'க்காக' என்ற உருபுக்கு ஈடாக ஒரு 'ஃபார்' போட்டுவிடுகிறது. 'பதிலுக்குக் காத்திருக்கிறோம்' என்றால் 'வெயிட் ஃபார்', 'பதிலை எதிர்நோக்குகிறோம்' என்றால் 'அவெயிட்' என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. 'பதிலை' என்பதில் உள்ள 'ஐ' போலவே 'அவெயிட்' தன் செயப்படுபொருளை நேராக ஏற்கிறது. 'வெயிட்' அப்படி நேராக ஏற்கும் இடம் மிகக் குறைவு. 'வெயிட் யுவர் டர்ன்' அவற்றில் ஒன்று. 'அவெயிட்' கடிதத்துக்கும் அலுவலகக் குறிப்புக்கும் உரிய சொல். பேச்சில் அது ஒட்டாது.

'எதிர்பார்க்கிறோம்' என்பதை 'எக்ஸ்பெக்ட்' என்று போடுவதில் வேறொரு சிக்கல் உண்டு. 'வி எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' இலக்கணப்படி சரியானதே. ஆனால் பதில் வந்தே தீர வேண்டும் என்ற அதட்டல் அதில் ஒலிக்கும். முதன்முறை ஆர்டர் கொடுக்கும் வியாபாரிக்கு 'வி லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று எழுதுவதே இணக்கமானது. அதில் வரும் 'டு' ஒரு முன்னிடைச்சொல். அதனால்தான் 'ஹியர்' என்று வராமல் 'ஹியரிங்' என்று வருகிறது.

ஒருவர் ஒன்றைச் செய்யும்வரை காத்திருப்பதற்கு அமைப்பு வேறு. 'லாரி வருவதற்குக் காத்திருக்கிறோம்' என்பது 'வி ஆர் வெயிட்டிங் ஃபார் தி லாரி டு கம்' என்றாகும். 'தட் தி லாரி கம்ஸ்' என்று எழுதினால் ஆங்கிலம் ஆகாது.

காலத்தைச் சொல்லும்போதும் 'ஃபார்' வரும், ஆனால் வேலை வேறு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்த பிறகு, பசுமைப் பட்டாசுக்கு நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் தரும் சான்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதலும் ஆலைக் கடிதங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. 'ஒப்புதலுக்கு மூன்று வாரமாகக் காத்திருக்கிறோம்' என்று எழுத வந்தவர், தமிழின் நிகழ்காலத்தை அப்படியே பெயர்த்து 'வி ஆர் வெயிட்டிங் சின்ஸ் த்ரீ வீக்ஸ்' என்கிறார். அங்கே இரண்டு பிழைகள். முன்பே தொடங்கி இன்னும் நீள்வதால் வினை 'ஹேவ் பீன் வெயிட்டிங்' என்று மாற வேண்டும். கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய நாளுக்கு 'சின்ஸ்': 'ஃபார் த்ரீ வீக்ஸ்', 'சின்ஸ் மண்டே'. 'திங்கள்வரை' என்பதற்கு 'அன்டில் மண்டே', 'திங்களுக்குள்' என்பதற்கு 'பை மண்டே'. இந்த இரண்டும் இடம் மாறினால் லோடு ஏறும் தேதியே மாறிப்போகும்.

இடத்தைக் குறிக்கும் சொற்களில் சிரமம் குறைவு. 2022 மார்ச்சில் அகழாய்வு தொடங்கிய வெம்பக்கோட்டை மேட்டைப் பார்க்க வருவோருக்கு அறிவிப்பு எழுதினால், வாசலில் என்பதற்கு 'அட் தி கேட்', கொட்டகைக்குள் என்பதற்கு 'இன் தி ஷெட்', வைப்பாற்றின் ஓரம் என்பதற்கு 'பை தி ரிவர்' போதும். 'வெயிட் ஆன்' மட்டும் கவனிக்க வேண்டியது. பொதுவழக்கில் அதற்குச் சாப்பாடு பரிமாறிப் பணிவிடை செய்வது என்று பொருள். அமெரிக்காவின் சில பகுதிகளில் அது காத்திருப்பதையும் குறிக்கிறது. கடிதத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

துணைவினைகளில்தான் பொருள் பெரிதும் பிசகுகிறது. தமிழின் 'வேண்டும்' சட்டத்தையும் சூழ்நிலையையும் அறிவுரையையும் ஒன்றாகவே சுமக்கிறது. ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது. வெடிபொருள் விதிகள் 2008 போன்ற சட்டநடையில் கட்டாயத்துக்கு 'ஷல்' வரும். ஆலைச் சுவரில் ஒட்டும் பாதுகாப்பு அறிவிப்புக்கு 'மஸ்ட்' பொருந்தும். மழையோ லாரி வராததோ நிறுத்திவைத்தால் 'ஹேவ் டு'. செய்தால் நல்லது என்ற அளவில் 'ஷுட்'. மருந்து கலக்கும் அறைக்குள் ஒருவர் வேலை செய்கையில் மற்றவர் வெளியே நிற்க வேண்டும் என்பதை 'ஷுட் வெயிட் அவுட்சைட்' என்று எழுதினால், உயிர் சம்பந்தப்பட்ட கட்டளை வெறும் யோசனையாகத் தேய்ந்துவிடும். அங்கே 'மஸ்ட்' தவிர வேறு சொல் கூடாது.

'மே', 'மஸ்ட்' போன்ற துணைவினைகள் இரண்டை ஆங்கிலம் அடுக்காது. 'காத்திருக்க வேண்டியிருக்கலாம்' என்பதை 'மே மஸ்ட் வெயிட்' என்று சொல்ல முடியாது. 'மே ஹேவ் டு வெயிட்' என்பதே வழி. ஐப்பசி மழையில் சரக்கு காயாமல் தேதி தள்ளினால், 'யூ மே ஹேவ் டு வெயிட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதலாம். அதையே வேண்டுகோளாகச் சொல்ல 'குட் யூ வெயிட் அன்டில் ஃப்ரைடே?' மரியாதையாக இருக்கும். 'வி வுட் பி வெயிட்டிங்' என்று பலர் பணிவுக்காக எழுதுவது தேவையில்லை. காத்திருப்பது உறுதி என்றால் 'வில்' போதும்.

'கேன்' பணத்தோடு வரும்போது எச்சரிக்கை தேவை. 'தி பேமென்ட் கேன் வெயிட்' என்றால் பணத்துக்கு அவசரமில்லை என்று வியாபாரி எடுத்துக்கொள்வார். 'வி கான்ட் வெயிட் டு சீ யூ' என்றால் பார்க்க ஆவலாக இருக்கிறோம் என்று பொருள். காத்திருக்க இயலாது என்று கண்டிப்பாகச் சொல்ல, 'வி கேனாட் வெயிட் பியாண்ட் தி டென்த்' என்று எல்லையையும் சேர்த்து எழுத வேண்டும்.

இறந்தகாலத்தில் தமிழே இருபொருள் தருகிறது. 'அவர் காத்திருந்திருக்க வேண்டும்' என்றால், காத்திருந்தார் என்ற ஊகமாகவும் இருக்கலாம். காத்திருக்காமல் போனது தவறு என்ற குறையாகவும் இருக்கலாம். ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ் வெயிட்டட்', குறைக்கு 'ஷுட் ஹேவ் வெயிட்டட்'. கட்டாயத்தால் உண்மையிலேயே காத்திருந்ததற்கு 'ஹேட் டு வெயிட்'. வெடி விபத்து பற்றிய அறிக்கையில் போர்மேன் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதுபவர் முதலில் அவரிடமே கேட்டுத் தெளிய வேண்டும். 'மஸ்ட் ஹேவ்' என்று எழுதினால் தொழிலாளி விதியை மதித்தவர் ஆகிறார். 'ஷுட் ஹேவ்' என்று எழுதினால் அவரே குற்றவாளி ஆகிறார்.